தாய் கேட்பதையெல்லாம் சேயும் கேட்க வேண்டுமா?

தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் நான்கு பாராமீட்டர்களைக் கேட்கிறது. சப்கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரும் அதே நான்கையும் கேட்டு வாங்கி, அப்படியே சூப்பருக்குத் தள்ளிவிட வேண்டுமா? புதிதாக வேலைக்கு வந்தவர்கள் மட்டுமல்ல, ஐந்தாறு ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் இதைக் கேட்கிறார்கள். கேட்காதவர்கள், வேண்டும் என்றே எடுத்துக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். இதில் எடிட்டருக்கும் பங்கு உண்டு. இன்டெல்லிஜேயில் சப்கிளாஸின் முதல் வரியை எழுதியதும் கீழே சிவப்புக் கோடு வரும். ஆல்ட்-என்டர் தட்டினால் தாய்க்குப் பொருந்தும் கன்ஸ்ட்ரக்டரை அதுவே எழுதிக் கொடுத்துவிடும். கோடு மறைந்தது, வேலை முடிந்தது. அந்த நான்கும் இந்த சப்கிளாஸுக்குத் தேவையா என்று யாரும் யோசிக்கவே இல்லை.

பதில்: வேண்டியதில்லை. சப்கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் தனக்குத் தெரியாததை மட்டும் கேட்டால் போதும். தாய்க்கு வேண்டியதைத் தானே கணக்கிட்டோ, நிலையான மதிப்பாகவோ கொடுத்துவிடலாம். தாயைவிடக் குறைவாகக் கேட்கலாம், கூடுதலாகக் கேட்கலாம், சம்பந்தமே இல்லாத வேறொன்றைக் கூடக் கேட்கலாம்.

இப்படிச் சொன்னதும் ஓர் எதிர்க்கேள்வி வரும். தாய் இருக்கும் இடத்தில் சேயை வைத்தாலும் புரோகிராம் உடையக் கூடாது என்பதுதானே விதி, கன்ஸ்ட்ரக்டரை மாற்றினால் அது மீறப்படாதா? பார்பரா லிஸ்கோவ் 1987-இல் ஒரு மாநாட்டு உரையில் முன்வைத்து, 1994-இல் ஜெனட் விங்குடன் சேர்ந்து ஆய்வுக் கட்டுரையாகச் செம்மைப்படுத்திய விதி அது. ஆனால் அது பிறந்துவிட்ட ஆப்ஜெக்டைப் பற்றிய விதி. மெத்தடை அழைப்பவருக்குத் தன் கையில் இருப்பது எந்த சப்கிளாஸ் என்று தெரியாமல் இருக்கலாம். தெரியாமலே வேலை நடக்க வேண்டும். கன்ஸ்ட்ரக்டரை அழைப்பவரோ கிளாஸின் பெயரை எழுதித்தான் அழைக்கிறார். எதை உருவாக்குகிறோம் என்று தெரிந்தே செய்கிறார். ஆகவே அங்கே மாற்றி வைக்கும் பேச்சே எழவில்லை. ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் மெத்தடுகள் வாரிசாக இறங்கும், கன்ஸ்ட்ரக்டர் இறங்காது.

எல்லாக் காலத்திலும் இப்படி இருந்ததில்லை. கிளாஸ், சப்கிளாஸ் இரண்டையும் உலகுக்குக் கொடுத்த சிமுலா 67 மொழியில் சேய்க்கு இந்தச் சுதந்திரம் இல்லை. ஆஸ்லோவில் ஓலே-யோகன் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் வடிவமைத்த அந்த மொழியில், சப்கிளாஸின் பாராமீட்டர்கள் தாயின் பாராமீட்டர்களுக்குப் பின்னால் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். தாய் இரண்டு கேட்டு, சேய் ஒன்று கேட்டால், உருவாக்குபவர் மூன்றையும் தந்தாக வேண்டும். சி++ வந்தபோது, தாய்க்கு என்ன கொடுப்பது என்பதைச் சேயே தீர்மானிக்கும் வசதி வந்தது. நம்மில் பலர் இன்று ஜாவாவில் எழுதினாலும், பழக்கத்தால் சிமுலாவைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு வங்கி புரோகிராமை எடுத்துக்கொள்வோம். ‘கணக்கு’ என்ற தாய் கிளாஸ் கணக்கு எண், உரிமையாளர், குறைந்தபட்ச இருப்பு ஆகிய மூன்றைக் கேட்கிறது. குறைந்தபட்ச இருப்பே வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு நம் வங்கிகளில் உண்டு. அதற்கான சப்கிளாஸ் எண்ணையும் உரிமையாளரையும் மட்டும் வாங்கிக்கொண்டு, மூன்றாவது இடத்தில் பூஜ்யத்தைத் தானே எழுதி சூப்பருக்குக் கொடுக்க வேண்டும். மாறாக மூன்றையும் கேட்டால், என்றாவது ஒருவர் அந்த இடத்தில் 1,000 என்று எழுதுவார். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத கணக்குக்கு ஆயிரம் ரூபாய் குறைந்தபட்ச இருப்பு! கம்பைலர் வாயே திறக்காது. அடுத்த மாதம் அபராதம் பிடிக்கப்பட்ட வாடிக்கையாளர்தான் வந்து சொல்வார். வாங்காத பாராமீட்டரில் தப்பு நடக்க வழியில்லை.

சிறுவர் கணக்கு இதற்கு நேர்மாறு. அதற்குப் பாதுகாவலர் வேண்டும். தாய்க்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. சேய் கூடுதலாக ஒன்றைக் கேட்டு வாங்கி, தன் ஃபீல்டில் வைத்துக்கொண்டு, மற்றதை மேலே அனுப்புகிறது. இதுவும் சரிதான்.

சரியில்லாதது எது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. சூப்பருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று வாய்விட்டுப் படியுங்கள். “எண் கொடுக்கிறேன், உரிமையாளர் கொடுக்கிறேன், கிளைக்கு நல் (null) கொடுக்கிறேன், வட்டி விகிதத்துக்கு மைனஸ் ஒன்று கொடுக்கிறேன்” என்று வந்தால் நிறுத்துங்கள். அடிப்படைக் கணக்குக்குப் பூஜ்யம் என்பது உண்மையான மதிப்பு; அதன் குறைந்தபட்ச இருப்பு உண்மையிலேயே பூஜ்யம்தான். மைனஸ் ஒன்று வட்டி என்பது பொய். தாய் கேட்கிறது, நம்மிடம் பதில் இல்லை, வாயை அடைக்க எதையோ கொடுக்கிறோம். அந்தப் பொய்யை நம்பித் தாயின் ஏதோ ஒரு மெத்தட் கணக்குப் போடும். அப்படியானால் அந்த ஃபீல்டு தாயில் இருக்கக் கூடாது, அல்லது இந்த சப்கிளாஸ் அந்தத் தாயின் பிள்ளையே இல்லை. கன்ஸ்ட்ரக்டரைத் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது.

அலுவலகங்களில் அதிகம் பார்ப்பது இன்னொரு வகை. ஸ்பிரிங் போன்ற ஃபிரேம்வொர்க்கில் ‘அடிப்படை சர்வீஸ்’ என்று ஒரு தாய் கிளாஸ் இருக்கும். லாக் எழுத ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, தணிக்கைப் பதிவுக்கு ஒன்று என்று ஐந்தாறு துணைப் பொருள்களைக் கன்ஸ்ட்ரக்டரில் கேட்கும். அதன் கீழே இருக்கும் ஒவ்வொரு சப்கிளாஸும் தான் தொடக்கூடப் போகாத அந்த ஐந்தாறையும் கேட்டு வாங்கி மேலே அனுப்பும். தாய்க்கு ஏழாவதாக ஒன்று வேண்டும் என்று வந்தால் அத்தனை சப்கிளாஸும், அவற்றின் டெஸ்டுகளும் ஒரே நாளில் உடையும். இதற்கு மருந்தாகச் சிலர் ஆறையும் ஒரே ஆப்ஜெக்டில் கட்டி ‘சூழல்’ என்று பெயர் வைப்பார்கள். வரி குறையும், நோய் போகாது. அந்தத் தாயைத் தாயாக வைத்திருப்பதே தவறு. லாகும் மின்னஞ்சலும் எல்லோருக்கும் பொதுவாக வேண்டும் என்பதற்காக ஒரே குடும்பத்தில் பிறக்க வேண்டியதில்லை. யாருக்கு மின்னஞ்சல் வேண்டுமோ அவர் அதைத் தன் ஃபீல்டாக வைத்துக்கொள்ளட்டும். இன்ஹெரிட்டன்ஸைவிட உள்ளே வைத்துக்கொள்வதே மேல் என்று ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ புத்தகம் 1994-லேயே சொல்லிவிட்டது. அதைப் படிக்காதவர் இல்லை, கேட்பவர்தான் குறைவு.

அடுத்து வரிசை. தாய் முதலில் உருவாகி முடிய வேண்டும், பிறகு சேய். ஜாவா இதைக் கறாராக வைத்திருந்தது: கன்ஸ்ட்ரக்டரின் முதல் வரி சூப்பராகவோ, அதே கிளாஸின் இன்னொரு கன்ஸ்ட்ரக்டராகவோதான் இருக்க வேண்டும். நீங்கள் எழுதாவிட்டால் பாராமீட்டர் இல்லாத சூப்பரை கம்பைலரே போட்டுக்கொள்ளும். தாயிடம் அப்படி ஒரு கன்ஸ்ட்ரக்டர் இல்லையென்றால் பிழை. இதனால், வயதைச் சரிபார்த்துவிட்டு சூப்பரை அழைக்கலாம் என்றால் முடியாது. ஒரு ஸ்டாட்டிக் மெத்தடை எழுதி, அதை சூப்பரின் அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைக்க வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25-இல் இந்தக் கட்டு தளர்ந்துவிட்டது. சூப்பருக்கு முன்னால் சரிபார்க்கலாம், கணக்கிடலாம், தன் சொந்த ஃபீல்டுக்கு மதிப்புக்கூடக் கொடுக்கலாம். பாதி உருவான ஆப்ஜெக்டின் மெத்தடை அழைப்பது போன்றவற்றுக்கு மட்டும் தடை. பழைய ஜாவாவில் இருப்பவர்கள் ஸ்டாட்டிக் மெத்தட் வழியையே பின்பற்றலாம். அதில் குறை ஒன்றும் இல்லை.

ஸ்விஃப்ட் முதலிலிருந்தே வேறு வழியில் போனது. அங்கே சேய் தன் ஃபீல்டுகளை முதலில் நிரப்பிவிட வேண்டும், அதன் பிறகுதான் தாயை அழைக்கலாம். ஏன் இப்படித் தலைகீழாக என்று தோன்றும். அதற்கான காரணத்தில்தான் இந்த விஷயத்தின் மிகப் பெரிய குழி இருக்கிறது.

தாயின் கன்ஸ்ட்ரக்டர் ஒரு மெத்தடை அழைக்கிறது. அந்த மெத்தடைச் சேய் ஓவர்ரைடு செய்திருக்கிறது. ஜாவாவில் ஓடுவது சேயின் மெத்தட். ஆனால் சேயின் ஃபீல்டுகள் எதுவும் அப்போது நிரம்பியிருக்காது. எண்கள் பூஜ்யமாக, ஆப்ஜெக்டுகள் நல்லாக இருக்கும். பட்டியலில் ஒன்றைச் சேர்க்கப் போனால் பட்டியலே இருக்காது. நல் பாயின்டர் பிழை.

பிழை வந்தால் நல்ல காலம் என்பேன். பிழை வராத வகைதான் நாள்கணக்கில் அலைய வைக்கும். சேயில் ‘எண்ணிக்கை’ என்ற ஃபீல்டை, அறிவிக்கும் வரியிலேயே பூஜ்யம் என்று எழுதித் தொடங்கியிருக்கிறீர்கள். தாயின் கன்ஸ்ட்ரக்டர் அழைத்த மெத்தட் அதில் 5 என்று எழுதுகிறது. சூப்பர் முடிந்து திரும்பியதும் சேயின் அறிவிப்பு வரிகள் ஓடத் தொடங்கும். ‘எண்ணிக்கை சமம் பூஜ்யம்’ என்ற வரியும் ஓடும். எழுதிய 5 அழிந்துவிட்டது. டீபக்கரில் பார்த்தால் 5 எழுதப்பட்டது தெரியும், பிறகு காணாமல் போனதும் தெரியும், யார் அழித்தது என்று மட்டும் புரியாது. ஜாவாஸ்கிரிப்டிலும் கிளாஸ் ஃபீல்டுகள் இதே வரிசையில்தான் ஓடுகின்றன.

மற்ற மொழிகள் இதே இடத்தில் வேறு வேறாக நடந்துகொள்கின்றன. சி++-இல் தாயின் கன்ஸ்ட்ரக்டர் ஓடும்போது அந்த ஆப்ஜெக்ட் இன்னும் தாய் மட்டுமே. வெர்ச்சுவல் மெத்தடை அழைத்தாலும் தாயின் வடிவம்தான் ஓடும். பாதுகாப்பானதுதான், ஆனால் சேயின் மெத்தட் ஓடும் என்று எதிர்பார்த்தவர் ஏமாறுவார். சி ஷார்ப்பில் சேயின் மெத்தடே ஓடும். ஆனால் அறிவிப்பு வரியில் மதிப்புக் கொடுத்த ஃபீல்டுகள் தாயின் கன்ஸ்ட்ரக்டருக்கு முன்பே நிரம்பிவிடும். கன்ஸ்ட்ரக்டருக்குள் எழுதியவை நிரம்பியிருக்காது. ஜாவாவிலிருந்து சி ஷார்ப்புக்கோ, திரும்பியோ மாறுபவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. சேயை முதலில் நிரப்பச் சொல்லும் ஸ்விஃப்டில் இந்தக் குழியே கிடையாது.

நடைமுறையில் இது எங்கே வருகிறது என்று கேட்டால், ஆண்ட்ராய்டில் எழுதுபவர்கள் உடனே கைதூக்குவார்கள். அதன் டெக்ஸ்ட்வியூ, தன் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே தொடக்க எழுத்தைப் பொருத்துகிறது. அப்போது எழுத்து மாறியதாகச் சொல்லும் ஆன்-டெக்ஸ்ட்-சேஞ்ச்டு மெத்தடும் அழைக்கப்படுகிறது. நீங்கள் டெக்ஸ்ட்வியூவின் சப்கிளாஸ் எழுதி, அந்த மெத்தடை ஓவர்ரைடு செய்து, உள்ளே உங்கள் ஃபீல்டைத் தொட்டால் திரை வருமுன்பே ஆப் விழுந்துவிடக்கூடும். காட்லினில் இது இன்னும் வேடிக்கை. ‘நல் வரவே வராது’ என்று மொழியே உறுதி கொடுத்த ஃபீல்டு நல்லாக நிற்கும். கூகுள் போன்ற பெரிய நிறுவனத்தின் தாய் கிளாஸே இப்படி இருக்கும்போது, உங்கள் அலுவலகத்துத் தாய் கிளாஸை மட்டும் நம்புவானேன்? நீங்கள் சேயை எழுதுபவர் என்றால், ஓவர்ரைடு செய்யும் மெத்தட் கன்ஸ்ட்ரக்டரிலிருந்து அழைக்கப்படுகிறதா என்று தாயின் சோர்ஸைத் திறந்து பாருங்கள். அழைக்கப்பட்டால் உங்கள் ஃபீல்டு வெறுமையாக இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டு எழுதுங்கள். தாயை எழுதுபவர் என்றால் இன்னும் எளிது: ஓவர்ரைடு செய்யக்கூடிய எதையும் கன்ஸ்ட்ரக்டரிலிருந்து அழைக்காதீர்கள். பிரைவேட், ஃபைனல், ஸ்டாட்டிக் மெத்தடுகளை அழைக்கலாம். அவையும் ஓவர்ரைடு ஆகும் ஒன்றை அழைக்காதவரை.

பிறந்தவுடன் சேய் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், ஒரு ஸ்டாட்டிக் ஃபேக்டரி மெத்தட் வைத்து, ஆப்ஜெக்டை முழுதாக உருவாக்கிவிட்டு அடுத்த வரியில் அந்த வேலையைச் செய்யுங்கள். ஃபைலைத் திறப்பது, நெட்வொர்க்கைத் தொடுவது, திரெட்டைத் தொடங்குவது எல்லாம் அங்கேதான் போக வேண்டும்.

இனி, தொடக்கத்தில் சொன்னதற்கு விதிவிலக்கு. கன்ஸ்ட்ரக்டரை அழைப்பவருக்குக் கிளாஸின் பெயர் தெரியும் என்றேன். ரிஃப்ளெக்ஷன் வழியாக உருவாக்கும் ஃபிரேம்வொர்க்குக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டின் ஃபிராக்மென்டுக்குப் பாராமீட்டர் உள்ள கன்ஸ்ட்ரக்டரை மட்டும் எழுதினால் முதல் முறை ஓடும். போனைப் படுக்கவைத்துத் திருப்பியதும் சிஸ்டம் அதைத் தானே மறுபடி உருவாக்கப் பார்த்து, வெறும் கன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் விழும். எக்ஸ்எம்எல்லில் எழுதும் வியூவுக்கு கான்டெக்ஸ்ட், ஆட்ரிப்யூட் என்ற இரண்டு பாராமீட்டர் கன்ஸ்ட்ரக்டர் இருந்தே ஆக வேண்டும். அங்கேயும் ஒரு பொறி உண்டு. காட்லினில் மூன்று கன்ஸ்ட்ரக்டரையும் ஒரே வரியில் முடிக்கலாம் என்று மூன்றாவது பாராமீட்டரான ஸ்டைலுக்குப் பூஜ்யம் என்று இயல்பு மதிப்பு வைப்பார்கள். பட்டனின் இரண்டு பாராமீட்டர் கன்ஸ்ட்ரக்டர் அந்த இடத்தில் பட்டனுக்கே உரிய ஸ்டைலை வைக்கிறது. நீங்கள் பூஜ்யத்தைத் திணித்ததால் பட்டன் பட்டன் மாதிரியே இருக்காது. முன்பு சொன்ன பொய் மதிப்புக்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் கிடைக்காது.

பைத்தான்காரர்களுக்கு இரண்டு சொல்ல வேண்டும். அங்கே ‘இனிட்’ சாதாரண மெத்தட்தான்; நீங்கள் எழுதாவிட்டால் தாயுடையது வரும், எழுதினால் தாயுடையதை நீங்களே அழைக்க வேண்டும், மறந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டாவது, சொந்த எக்ஸெப்ஷன் கிளாஸ். குறியீட்டு எண், செய்தி என இரண்டைக் கேட்டு, சூப்பருக்குச் செய்தியை மட்டும் அனுப்புவது வழக்கம். நான் மேலே சொன்ன அறிவுரைப்படி அது சரிதான். ஆனால் எக்ஸெப்ஷனை ‘பிக்கிள்’ செய்து இன்னொரு பிராசஸுக்கு அனுப்பினால், மறுபுறம் அது சூப்பருக்குப் போனதை மட்டும் வைத்து ஆப்ஜெக்டை மறுபடி உருவாக்கப் பார்க்கும். ஒரு பாராமீட்டர் குறைகிறது என்று விழும். மல்டிபிராசஸிங் இருக்கும் இடத்தில் இரண்டையும் சூப்பருக்கு அனுப்பிவிடுங்கள்.

சிறுவர் கணக்குக்குத் திரும்புவோம், ஏனென்றால் அதை அங்கே முழுமையாக ஆராயவில்லை. கன்ஸ்ட்ரக்டர் அழகாக அமைந்துவிட்டது. ஆனால் கணக்கு வைத்திருக்கும் சிறுமிக்கு 18 வயது நிறையும் நாளில் என்ன செய்வீர்கள்? பாதுகாவலர் விலக வேண்டும், கணக்கு எண் மாறக் கூடாது, பழைய வரவு செலவு அப்படியே இருக்க வேண்டும். ஜாவாவில் உயிரோடு இருக்கும் ஆப்ஜெக்டின் கிளாஸை மாற்ற முடியாது. புதிய ‘கணக்கு’ ஆப்ஜெக்டை உருவாக்கி எல்லாவற்றையும் நகலெடுத்து, பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கும் எல்லா இடங்களையும் தேடி மாற்ற வேண்டும். ஆகவே சப்கிளாஸ் எழுதுமுன் கேட்க வேண்டிய கேள்வி, ‘இது அதில் ஒரு வகையா’ என்பது மட்டும் போதாது. ‘சாகும்வரை அதே வகையாகவே இருக்குமா’ என்றும் கேளுங்கள். ஊழியர்-மேலாளர், பயனர்-நிர்வாகி எல்லாம் இந்தக் கேள்வியில் விழுந்துவிடும். சிறுவர் கணக்கு என்ற சப்கிளாஸை எடுத்துவிட்டு, கணக்குக்குள் ‘இயக்கும் உரிமை’ என்று ஓர் ஆப்ஜெக்டை வையுங்கள். பாதுகாவலர் வழி இயக்கம் ஒரு வகை, சுய இயக்கம் ஒரு வகை. பிறந்தநாளன்று அதை மட்டும் மாற்றினால் போதும்.

ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இப்படிப் பொருந்தாத உறவுகள் உறைந்து கிடக்கின்றன. எழுத்துகளை மட்டும் வைக்க வேண்டிய ‘பிராப்பர்ட்டீஸ்’, எதையும் வைக்கக்கூடிய ‘ஹாஷ்டேபிள்’ளின் பிள்ளை, அதனால் அதற்குள் எண்ணைக்கூடப் போடலாம், சேமிக்கும்போதுதான் உடையும். எஸ்க்யூஎல் ‘டைம்ஸ்டாம்ப்’, ‘டேட்’டின் பிள்ளை; டேட்டைக் கேட்டால் இரண்டும் சமம் என்று சொல்லக்கூடும், டைம்ஸ்டாம்ப்பைக் கேட்டால் இல்லை என்னும். அதன் ஆவணமே, இது குறியீட்டைப் பகிரும் உறவுதான், வகை உறவு அல்ல என்று எச்சரிக்கிறது. வெளியிட்ட பிறகு மாற்ற முடியாததால் அப்படியே இருக்கின்றன. இன்ஹெரிட்டன்ஸுக்கு என்று வடிவமைத்து ஆவணப்படுத்து, இல்லையென்றால் தடைசெய் என்று ஜோஷுவா பிளாக் 2001-இல் ‘எஃபெக்டிவ் ஜாவா’வில் எழுதினார். காட்லின் அதை மொழியிலேயே வைத்துவிட்டது. ‘ஓப்பன்’ என்று எழுதாத சாதாரண கிளாஸுக்கு அங்கே பிள்ளை பிறக்காது. ஜாவாவில் எழுதுபவர்கள் ‘ஃபைனல்’ என்று எழுதித் தொடங்குங்கள். தேவை வந்தால் எடுத்துவிடலாம். பிறகு சேர்ப்பதுதான் கடினம்.

ஏற்கெனவே நாற்பது சப்கிளாஸ் தொங்கிக்கொண்டிருக்கும் தாய் கையில் வந்துவிட்டதா? கன்ஸ்ட்ரக்டரை நேரடியாக மாற்றாதீர்கள். புதிய வடிவத்தைப் பக்கத்தில் இன்னொரு கன்ஸ்ட்ரக்டராக எழுதுங்கள். பழையது புதியதை அழைக்கட்டும், ‘டெப்ரிகேட்டட்’ குறியைப் பழையதன் தலையில் வையுங்கள். பிறகு, நல்லும் மைனஸ் ஒன்றும் அனுப்பும் சப்கிளாஸ்களை முதலில் தேடிப் பிடித்து மாற்றுங்கள், மற்றவை காத்திருக்கலாம். கடைசி ஒன்றும் மாறிய பிறகு பழைய கன்ஸ்ட்ரக்டரை அழித்துவிட்டு, முழுவதையும் ஒருமுறை புதிதாக பில்டு செய்யுங்கள். ஏற்கெனவே கம்பைல் ஆகிக் கிடக்கும் வேறு ஜார் ஃபைல்கள் பழையதை அழைத்தால், அது ஓடும்போதுதான் தெரியவரும்.